ஆறாத காயமும் இன்சுலினும்: டாக்டர் பேண்டிங்கின் வாழ்க்கை

பாளையம்பட்டியில் என் தாய்மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. மழை பெய்த வருஷம் சோளம் போடுவார். பெய்யாத வருஷம் நிலம் சீமைக்கருவேலத்துக்குச் சொந்தம். போன கோடையில் அந்தக் கருவேலத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது அரிவாள் சறுக்கி, கிளையைப் பிடித்திருந்த இடது கையின் கட்டைவிரல் முதுகில் இறங்கிவிட்டது. காப்பிப்பொடியை அப்பித் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ரத்தம் நின்றது. ஆனால் கட்டைவிரல் மடங்கியபடியே தொங்கியது. நிமிர்த்தப் பார்த்தால் நிமிரவில்லை.

அருப்புக்கோட்டையில் காட்டி, அங்கிருந்து மதுரைக்குப் போய் அறுவை சிகிச்சை செய்தார்கள். மாமாவுக்கு ஏழெட்டு வருஷமாகச் சர்க்கரை. மருத்துவமனையில் இருந்த நாட்களில் இன்சுலின் போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தையும் ஊசியையும் கொடுத்து, எப்படிப் போட்டுக்கொள்வது என்றும் மாமிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே மாமா அதை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் தையல் போட்ட இடம் வாய் பிளந்து சீழ் கட்டியது. சோதித்தபோது ரத்தத்தில் சர்க்கரை 386.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு மூன்று காரணம் சொன்னார். இந்த ஊசியைத் தொடங்கினால் மௌத் வரைக்கும் விட முடியாதாம். ஊசி என்றாலே நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமாம். மூன்றாவது காரணத்தை மாமியின் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார். அது பன்றியிலிருந்து எடுக்கிற மருந்து என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காயம் கையில் இருக்கிறது, ஊசியை வயிற்றில் போட்டு என்ன ஆகப்போகிறது என்பது நான்காவதாக அவர் கேட்ட கேள்வி. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகப் பட்டது.

அன்றும் அதற்கடுத்த சில நாட்களிலும் மஃரிபுக்குப் பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இன்சுலினைக் கண்டுபிடித்த டாக்டரின் கதையை அவருக்குச் சொன்னேன். அந்த டாக்டர் ஓர் எலும்பு அறுவை மருத்துவர் என்பது மாமாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு என்பதால் அதையே இங்கும் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. மாமா தன் கையில் நரம்பு அறுந்துவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் அறுந்தது நரம்பு அல்ல. சதையை எலும்போடு பிணைக்கிற கயிறு. பள்ளிப் புத்தகம் அதைத் தசைநாண் என்கிறது. சதை சுருங்கும்போது இந்தக் கயிறு எலும்பை இழுக்கிறது, விரல் மடங்குகிறது அல்லது நிமிர்கிறது. நரம்பு என்பது மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் கம்பி. இரண்டையும் போட்டுக் குழப்புவதில் நாம் தனியாள் இல்லை. பழைய கிரேக்க மருத்துவர் காலன் இந்தக் கயிற்றில் நரம்பும் கலந்திருக்கிறது என்று எண்ணி, அதில் தையல் போட்டால் வலிப்பு வரும் என்று எச்சரித்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் நூற்றாண்டுகளாக அதற்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அறுந்த தசைநாணைத் தைக்கலாம் என்று துணிந்து எழுதியவர் 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா. அதே இப்னு சீனா தம் அல்கானூன் நூலில் நீரிழிவைப் பற்றியும், அந்த நோயாளியின் சிறுநீர் இனிப்பதைப் பற்றியும், உறுப்பு அழுகுவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தைப்பதற்கு வழி சொன்னார். இனிப்பு நோய்க்கு மருந்து அவர் கையிலும் இல்லை. அது கிடைக்க இன்னும் 900 ஆண்டுகள் ஆயின.

ஃபிரடெரிக் பேண்டிங் 1891 நவம்பர் 14 அன்று கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் ஆலிஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. படிப்பில் சுமார்தான். 1910இல் டொராண்டோவில் கலைப் படிப்பில் சேர்ந்து முதல் ஆண்டிலேயே தோற்றார். 1912இல் மருத்துவத்துக்கு மாறினார். முதல் உலகப் போர் தொடங்கியதும் ராணுவத்தில் சேரப் போனார். பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விடாமல் முயன்று 1915இல் சேர்ந்தார். போருக்கு டாக்டர்கள் தேவைப்பட்டதால் அவர் வகுப்புக்குப் படிப்பைச் சுருக்கி, 1916 டிசம்பரில் பட்டம் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் கனடா ராணுவத்தின் சிறப்பு மருத்துவமனை ஒன்று இருந்தது. குண்டு பட்டு எலும்பும் மூட்டும் நரம்பும் சிதைந்தவர்கள் அங்கே வந்தார்கள். கிளாரன்ஸ் ஸ்டார் என்ற பெரிய அறுவை மருத்துவரிடம் பேண்டிங் அங்கே வேலை கற்றார். உடைந்ததைப் பொருத்துவதும் அறுந்ததைச் சேர்ப்பதும்தான் அவர் கற்ற தொழில். பின்னாளில் உலகம் அவரை ஆராய்ச்சியாளர் என்று கொண்டாடியது. ஆனால் அவர் கை பழகியது கத்தியிலும் ஊசி நூலிலும்தான்.

1918இல் பிரான்சில் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று காம்ப்ரே சண்டையில் குண்டுமழைக்கு நடுவே முன்னால் போய்க் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வெடிகுண்டுச் சிதறல் ஒன்று அவருடைய வலது முன்கையில் பாய்ந்தது. முனையிலேயே இருந்து வேலை செய்கிறேன் என்று கேட்டும் விடாமல் பின்னால் அனுப்பிவிட்டார்கள். காயத்தில் சீழ் வைத்தது. ஆற மாதக்கணக்காயிற்று. கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சு வந்தபோது அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். அறுவை மருத்துவருக்கு வலது கை போனால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்தக் கை பிழைத்தது. அவருடைய துணிச்சலுக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கமும் கிடைத்தது.

இந்த இடத்தில் மாமா தன் கட்டைப் பார்த்துக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை இருந்ததா என்று கேட்டார். இல்லை. அதனால்தான் ஆறியது என்றேன்.

போர் முடிந்து டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்டாரின் கீழ் ஓராண்டு வேலை பார்த்தார். வளைந்த பாதத்தோடு பிறந்த பிள்ளைகளும், இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய பிள்ளைகளும் எலும்பு மருத்துவரிடம் வந்த காலம் அது. நிலையான வேலை கிடைக்கவில்லை. 1920 ஜூலையில் ஒன்டாரியோவில் உள்ள லண்டன் என்ற ஊரில் கிளினிக் திறந்தார். இது இங்கிலாந்து லண்டன் அல்ல, அதே பெயர் கொண்ட கனடா ஊர். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் மொத்தமே 4 டாலர். செலவுக்காக அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் பகுதிநேர வேலையை ஏற்றுக்கொண்டார். அந்தப் பாடத்தில் ஒன்றுதான் உடம்பு சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது என்பது. அவருக்கு அது பற்றி அதிகம் தெரியாது. பாடத்துக்குத் தயாராக வேண்டியிருந்தது.

1920 அக்டோபர் 30 இரவு ஒரு மருத்துவ இதழில் கணையத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் படுத்தார். தூக்கம் வரவில்லை. விடிவதற்கு முன் எழுந்து சில வரிகளைக் குறிப்பேட்டில் எழுதினார். அதில் நீரிழிவு நோயின் ஆங்கிலப் பெயரையே எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறார். அந்தத் துறையில் அவர் எவ்வளவு புதியவர் என்பதற்கு அந்த ஒரு பிழை போதும்.

அதுவரை உலகுக்குத் தெரிந்தது இவ்வளவு. இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையம் செரிமான நீரைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. 1869இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் அந்தக் கணையத்துக்குள் தீவுகள் போலத் திட்டுத்திட்டாக வேறு வகைச் செல்கள் இருப்பதைப் பார்த்தார். 1889இல் நாயின் கணையத்தை எடுத்துவிட்டால் அதற்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று மின்கோவ்ஸ்கி, மெரிங் இருவரும் காட்டினார்கள். ஆகவே கணையத்திலிருந்து ரத்தத்தில் ஏதோ ஒன்று கலக்கிறது, அது இல்லாவிட்டால் சர்க்கரை ஏறுகிறது. இப்படி ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தோடு போய், வேறிடத்தில் வேலை பார்க்கும் பொருளுக்கு 1905இல்தான் ஹார்மோன் என்று பெயர் வைத்தார்கள். கணையத்தின் ஹார்மோனைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்று பாதியில் விட்டார்கள். கணையத்தை அரைத்தால் அதிலிருக்கும் செரிமான நீரே அந்த ஹார்மோனை அழித்துவிடுகிறது என்று கருதப்பட்டது.

பேண்டிங்குக்குத் தோன்றியது அறுவை மருத்துவருக்குத் தோன்றக்கூடிய யோசனை. கணையத்தின் குழாயை நூலால் கட்டிவிடுவது. சில வாரங்களில் செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கிவிடும், தீவுகள் மட்டும் மிஞ்சும், அவற்றிலிருந்து சாறு எடுக்கலாம். இதைத் தூக்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மக்லௌட் என்ற பேராசிரியரிடம் போனார். மக்லௌட் சர்க்கரை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். எதிரில் நிற்பவருக்குப் பாடமே சரியாகத் தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆனாலும் கோடை விடுமுறையில் ஓர் அறையும் பத்து நாய்களும் உதவிக்கு ஒரு மாணவரும் தருவதாக ஒப்புக்கொண்டார். அந்த மாணவர் சார்லஸ் பெஸ்ட், வயது 22.

1921 மே 17 அன்று வேலை தொடங்கியது. மக்லௌட் ஜூனில் சொந்த நாடான ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார். வெயில். மாடியறையில் நாற்றம். முதல் வாரங்களில் நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. நூல் கட்டியது சில நாய்களில் சரியாகப் பிடிக்கவில்லை. பேண்டிங்குக்குச் சம்பளம் கிடையாது. ஜூலை 30 அன்று, கணையம் எடுக்கப்பட்ட ஒரு நாய்க்குச் சாறு செலுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 200இலிருந்து 120க்கு இறங்கியது. அந்த நாய் பிழைக்கவில்லை. ஆனால் சாறு வேலை செய்தது.

அந்த நாய்களைப் பற்றிப் படிப்பது சுலபமாக இல்லை. வாயில்லா ஜீவன்களுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். பேண்டிங்குக்கும் அது கல்லாக இருந்துவிடவில்லை. பல நாட்கள் சாறு கொடுத்துக் காப்பாற்றிவைத்திருந்த 92ஆம் எண் நாய் செத்தபோது, நோயாளிகள் இறந்தும் அழாத தனக்குக் கண்ணீர் வந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அவரை இரவில் எழுப்பிய யோசனை கடைசியில் தேவையே படவில்லை. குழாயைக் கட்ட வேண்டாம், கசாப்புக் கூடத்தில் கிடைக்கும் மாட்டின் முழுக் கணையத்தையே ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுக்கலாம் என்று அந்த ஆண்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டது. அதே காலத்தில் ருமேனியாவில் பவுலெஸ்கு என்பவரும் கணையச் சாற்றைக் கொண்டு நாய்களின் சர்க்கரையைக் குறைத்து 1921இல் வெளியிட்டிருந்தார். அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்று இன்றும் பேசுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையன் கிடந்தான். எடை 29 கிலோ. அன்று இளவயதுச் சர்க்கரைக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துச் சாவைச் சில மாதங்கள் தள்ளிப் போடுவார்கள். பெற்றோர் கண் முன்னால் பிள்ளை எலும்பும் தோலுமாக உருகும். அவனுக்கு பேண்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த சாறு செலுத்தப்பட்டது. பெரிய பலன் இல்லை. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. சாறு சுத்தமில்லை.

சுத்தம் செய்தவர் காலிப் என்ற உயிர்வேதியியலாளர். மக்லௌட் அவரை முந்தைய டிசம்பரில் குழுவில் சேர்த்திருந்தார். ஆல்கஹாலின் அளவை மாற்றி மாற்றி வேண்டாத புரதங்களை விலக்கி, ஜனவரி 23 அன்று புதுச் சாற்றைத் தந்தார். லெனார்டின் ரத்தச் சர்க்கரை ஒரு நாளில் 520இலிருந்து 120க்கு வந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அவன் இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

வெற்றி வந்த அந்த வாரத்திலேயே அடிதடியும் வந்தது. சுத்தம் செய்யும் முறையை பேண்டிங்கிடம் சொல்ல மாட்டேன் என்று காலிப் சொன்னதாகவும், பேண்டிங் அவர் சட்டையைப் பிடித்ததாகவும், பெஸ்ட் இடையில் புகுந்து தடுத்ததாகவும் கதை. பேண்டிங் நல்ல மனிதர், ஆனால் சந்தேகக்காரர், முன்கோபி. தன் கண்டுபிடிப்பை மக்லௌட் திருடிக்கொள்வார் என்ற பயம் அவரைக் கடைசி வரை விடவில்லை. 1923 அக்டோபரில் நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மக்லௌட்டுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டபோது கொதித்துப்போனார். பெஸ்ட்டை விட்டுவிட்டார்களே என்று தன் பங்குப் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மக்லௌட் தன் பாதியை காலிப்புடன் பகிர்ந்துகொண்டார். நால்வரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்த மருந்து அன்று பையனின் உடம்புக்குப் போயிருக்காது என்பது என் எண்ணம்.

பணத்தில் பேண்டிங் சுத்தமானவர். உயிர் காக்கும் மருந்துக்கு டாக்டர் ஒருவர் காப்புரிமை வாங்குவது தொழில் நெறிக்கு ஆகாது என்று முதலில் விண்ணப்பத்தில் தன் பெயரையே சேர்க்க மறுத்தார். பிறகு வேறு யாரும் உரிமையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சேர்ந்தார். பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கொடுத்தார்கள்.

மாமா கேட்ட நான்காவது கேள்விக்கு இப்போது வருகிறேன். 1922 ஜூலையில் டொராண்டோவில் காலில் அழுகல் ஏறிய ஒரு பெண் நோயாளி வந்தார். இன்சுலினுக்கு முந்தைய காலத்தில் சர்க்கரை நோயாளியின் உடம்பில் கத்தி வைக்கவே அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். வைத்த இடம் ஆறாது. சீழ் பிடிக்கும், மயக்கம் வரும், மௌத்தாகிவிடுவார். அந்தப் பெண்ணுக்கு இன்சுலின் கொடுத்து, சர்க்கரையை இறக்கி, பிறகு காலை எடுத்தார்கள். அவர் பிழைத்தார். காலில் இருந்த புண்ணுக்கு மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போனது.

அதே ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவுத்துறைச் செயலர் சார்லஸ் ஹியூஸின் மகள் எலிசபெத் வந்தாள். 15 வயது நிறையப்போகும் பெண், எடை சுமார் 20 கிலோ. இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளி, கல்லூரி, கல்யாணம், பிள்ளைகள் என்று வாழ்ந்து 1981இல் காலமானார்.

தசைநாண் விஷயத்துக்கு வந்தால், அது உடம்பில் மிக மெதுவாக ஆறும் பொருள்களில் ஒன்று. ரத்தக் குழாய் அதில் குறைவு. அறுந்து தைத்த பின் சில நாட்கள் வீக்கம், பிறகு சில வாரங்கள் புது நார் உருவாகும், அந்த நார் ஒழுங்காக அடுக்கிப் பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். அந்த நாரின் பெயர் கொலாஜன். ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிதந்தால் அது கொலாஜனில் ஒட்டிக்கொள்கிறது. நார்கள் ஒன்றோடொன்று பிசின் தடவியதுபோல இறுகிவிடுகின்றன. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவதும், விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வதும் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். சிறு ரத்தக் குழாய்கள் கெட்டிருந்தால் காயத்துக்குப் போக வேண்டியது போய்ச் சேராது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும். இன்சுலின் சர்க்கரையை இறக்குவதோடு நிற்பதில்லை. செல்கள் புரதம் கட்டுவதற்கும் அது வேண்டும். கொலாஜனும் புரதம்தான்.

ஹார்மோன்களைக் கொண்டு தசைநாணை வேகமாக ஆற்ற முடியுமா என்று இன்று உலகில் பல இடங்களில் ஆராய்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோன் மனிதர்களின் தசைநாணில் கொலாஜன் உற்பத்தியைக் கூட்டுவது தெரிந்திருக்கிறது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிப் பொருள் ஒன்றை விலங்குகளின் அறுந்த தசைநாணில் செலுத்திப் பார்த்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். தைராய்டு, ஈஸ்ட்ரோஜன் இவற்றின் பங்கையும் பார்க்கிறார்கள். இவை இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கின்றன. காசு கொடுத்தால் ஹார்மோன் ஊசி போட்டுத் தசைநாணைச் சரிசெய்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எல்லா ஹார்மோனும் நன்மையும் செய்வதில்லை. குதிகால் வலிக்கும் தோள் வலிக்கும் போடுகிற கார்ட்டிசோன் வகை ஊசியும் ஹார்மோன்தான். வலியைக் குறைக்கும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாணைப் பலவீனமாக்கி அறுந்துபோகச் செய்யும். உடம்பு கட்டுவதற்கு ஸ்டீராய்டு போடும் இளைஞர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மாமாவைப் போல, உடம்பில் இன்சுலின் பற்றாதவருக்கு அதைக் கொடுப்பது மட்டும் ஆராய்ச்சி அல்ல. நூறாண்டு பழகிய வைத்தியம் அது.

பன்றி விஷயம். டீக்கடையில் சொன்னவர் முழுப்பொய் சொல்லவில்லை, பழைய உண்மையைச் சொன்னார். தொழிற்சாலைகள் 60 ஆண்டுகளுக்கு இன்சுலினை மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும்தான் எடுத்தன. அன்று மாற்று இல்லாத நிலையில் உயிர் காக்கும் அவசியத்துக்கு அது அனுமதிக்கப்பட்டது என்று உலமாக்கள் விளக்கினார்கள். 1978இல் மனித இன்சுலினின் மரபணுவை நுண்ணுயிரிக்குள் வைத்து, அதைக் கொண்டே இன்சுலின் சுரக்க வைத்தார்கள். 1982இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம் மருந்துக் கடைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் கிடைப்பது இந்த வகைதான். சந்தேகம் இருந்தால் பெட்டியில் எழுதியிருப்பதை மருந்தாளுநரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். மாமாவின் பெட்டியை நான் படித்துக் காட்டினேன்.

தொடங்கினால் விட முடியாது என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. லெனார்டைப் போல உடம்பில் இன்சுலினே சுரக்காதவர்களுக்கு அது ஆயுள் முழுக்க வேண்டும். பெரிய வயதில் வந்த சர்க்கரைக்குக் காயம், அறுவை, காய்ச்சல் போன்ற நேரத்தில் மட்டும் போட்டுவிட்டுப் பிறகு மாத்திரைக்குத் திரும்புகிறவர்கள் நிறைய. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், நாமாக நிறுத்தக் கூடாது. நோன்பு வைக்க நினைக்கிறவர்களும் ரமளானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நோபலுக்குப் பிறகு பேண்டிங்குக்குப் புகழ் வந்தது, நிம்மதி வரவில்லை. கனடா நாடாளுமன்றம் ஆண்டுக்கு 7,500 டாலர் ஆயுள் உதவித்தொகை கொடுத்தது. அவர் பெயரிலேயே ஆராய்ச்சித் துறை அமைத்தார்கள். புற்றுநோய், சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று பலவற்றில் இறங்கினார். இன்சுலின் போல இன்னொன்று அவருக்கு வாய்க்கவில்லை. முதல் திருமணம் முறிந்தது. ஓவியம் தீட்டுவதில் ஆறுதல் தேடினார். ஏ. ஒய். ஜாக்சன் என்ற கனடா ஓவியர் அவருடைய நண்பர். 1927இல் இருவரும் வடதுருவப் பகுதிவரை கப்பலில் போய்ப் பனியைப் படமாகத் தீட்டினார்கள். 1934இல் சர் பட்டம் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் மீண்டும் ராணுவ உடை போட்டார். விமானிகளின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சியை ஒழுங்குபடுத்தினார். அந்த வேலையாக இங்கிலாந்து செல்ல 1941 பிப்ரவரி 20 இரவு நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு ஹட்சன் விமானத்தில் ஏறினார். எஞ்சின் பழுதாகி விமானம் மஸ்கிரேவ் ஹார்பர் ஊருக்குப் பக்கத்தில் பனிக்காட்டில் விழுந்தது. விமானி ஒருவர் மட்டும் பிழைத்தார். பேண்டிங் மறுநாள் இறந்தார். வயது 49.

அவர் பிறந்த நவம்பர் 14தான் இன்று உலக நீரிழிவு தினம். சென்னை ராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் 1954இல் சர்க்கரைக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கியபோது அது புதுமை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை என்று கணக்குச் சொன்னது. தமிழகத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பாளையம்பட்டிக்கும் வருகிறது. மாமா அந்த மாத்திரைகளையும் பல மாதம் அலமாரியில் சேர்த்துத்தான் வைத்திருந்தார்.

கதை முடிந்த மறுநாள் மாமி ஊசி போட்டார். வாரக்கணக்கில் சர்க்கரை இறங்கி, புண் காய்ந்து, மதுரையில் மறுபடியும் தசைநாணைச் சேர்த்தார்கள். இப்போது மாமாவே வலது கையால் வயிற்றுத் தோலில் போட்டுக்கொள்கிறார். கட்டைவிரல் முழுதாக நிமிரவில்லை, முக்கால் பங்குதான். கருவேலங்கிளையைப் பிடிக்க அது போதும் என்கிறார். அரிவாளை மட்டும் மாமி ஒளித்துவைத்திருக்கிறார்.